வாரக் கூட்டமும் வாசற்படித் தொண்டும்

பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த தமிழர், கால் ஊன்றியதும் செய்யும் முதற் காரியங்களுள் ஒன்று சங்கம் அமைப்பது. மாதுங்காவில் 1932-ஆம் ஆண்டு தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்று பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்துகின்றது. தாராவியிலும் செம்பூரிலும் சங்கங்களுக்குக் குறைவில்லை. தொடங்குவது நமக்குக் கைவந்த கலை. தொடர்ந்து கூடுவதுதான் கடினம். பொங்கலுக்கு ஒருமுறை, ஆண்டு விழாவுக்கு ஒருமுறை என்று கூடிக் கலையும் சங்கங்களை நாம் அறிவோம்.

இவ்வகையில், 1929 முதல் இந்நகரில் இயங்கிவரும் ரோட்டரி சங்கத்தின் நடைமுறை நாம் கவனிக்கத் தக்கது. அவ்வியக்கத்தைத் தொடங்கியவரும் ஊர் விட்டு ஊர் வந்தவரே. பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர் அது. 1896-இல் சிகாகோ மாநகரில் தொழில் தொடங்கியவருக்கு, அத்தனை பெருங்கூட்டத்தின் நடுவிலும் தனிமையே மிஞ்சியது. 1905 பிப்ரவரி 23 அன்று நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையற்காரர் ஒருவர் ஆகிய மூவரோடு அவர் கூடினார். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியமையால் சங்கத்துக்கு அப்பெயர் வந்தது.

தலைவர் மணியடிக்கக் கூட்டம் தொடங்கும். விருந்தினரை அறிமுகம் செய்வார்கள். செயலாளர் அறிவிப்புகளைச் சொல்வார். யாரேனும் ஒருவர் தாம் அறிந்த துறையைப் பற்றிப் பேசுவார். வருகைப் பதிவு உண்டு. தம் சங்கத்துக் கூட்டத்தைத் தவறவிட்டவர், வேறோர் ஊரில் நடக்கும் கூட்டத்துக்குச் சென்று அதை ஈடுசெய்யலாம். அடிக்கடி பயணம் செய்யும் நமக்கு இவ்வேற்பாட்டின் அருமை நன்கு விளங்கும். வாரந்தோறும் கூடவேண்டும் என்ற விதி 2016-இல் தளர்ந்தது. மாதம் இருமுறையேனும் கூடினாற் போதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவையெல்லாம் வெறும் சடங்காகத் தோன்றக்கூடும். ஆனால் அடுத்த வாரமே அதே முகங்களைக் காணவேண்டும் என்றால், ஏற்ற பொறுப்பை எளிதில் மறந்துவிட முடியுமா?

நட்புக்காகக் கூடியவர்கள் 1907-இல் ஊருக்காக எடுத்த முதல் முயற்சி, சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் அமைக்கச் செய்தது. தாராவியில் விடியற்காலை வரிசையைக் கண்டவர் எவரும் இதைச் சிறு தொண்டு என்று சொல்லமாட்டார்.

இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியை ரோட்டரி உலக அளவில் 1985-இல் மேற்கொண்டது. நம் நாட்டில் அரசின் சொட்டு மருந்துத் திட்டம் 1995-இல் நாடெங்கும் தொடங்கியபோது, அரசு ஊழியரோடு இச்சங்கத்தாரும் துணை நின்றனர். ஞாயிற்றுக்கிழமை மருந்து முகாம். அடுத்து வரும் நாள்களில் வீடு வீடாகச் செல்லுதல். மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைப்பார்கள். எந்தக் குழந்தையும் விடுபடாத வீட்டுச் சுவரில் ஒரு குறி, விடுபட்ட வீட்டில் வேறொரு குறி. இரண்டாம் குறியுள்ள வீட்டுக்கு மறுபடியும் சென்றாக வேண்டும். வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களின் குழந்தைகளே எளிதில் விடுபடுவர் என்பதால், கட்டிட வேலை நடக்கும் இடங்களிலும் ரயில் நிலையங்களிலும் குழுவினர் நின்றனர். கதவைத் திறக்கும் தாய்க்கு இந்தியோ மராத்தியோ தெரியாவிட்டால், அவள் மொழியில் இரண்டு வார்த்தை பேசக்கூடியவர் ஒருவர் உடன் இருப்பதன் பயனைச் சொல்லவேண்டுவதில்லை. நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டாள். அவள் ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றது.

குறைகளும் உண்டு. நெடுங்காலம் பெண்களுக்கு உறுப்பினராகும் உரிமை இல்லை. 1989-இல்தான் உலகெங்கும் அக்கதவு திறந்தது. சந்தாவும் விருந்துச் செலவும் கூலித் தொழிலாளிக்கு எட்டுபவை அல்ல. இதற்கு ஒரு வழி 1986-இல் வகுக்கப்பட்டது: சங்கத்தில் சேராதவர்களே தங்கள் குடியிருப்பில் ஒரு குழு அமைத்து, தங்களுக்கு வேண்டிய பணியைத் தாங்களே தீர்மானிக்கலாம், அருகிலுள்ள ரோட்டரி சங்கம் அதற்குத் துணை நிற்கும். தாராவியில் ஒரு சந்தில் குடியிருப்போரும் இத்தகைய குழு அமைக்கலாம். அவர்கள் கூடுவதற்கு விடுதி வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணையும், எல்லாரும் ஒப்பிய ஒரு கிழமையும் போதும்.