622 மாத்திரை, 10 டாக்டர்: மொத்தத்தை யார் எண்ணினாங்க?

ஸ்போர்ட்ஸ்ல போதைன்னாலே நமக்கு டோப்பிங்தான் ஞாபகம் வரும். அது திருட்டுத்தனமா நடக்கிற விஷயம், மாட்டினா செய்தி. இன்னைக்குப் பேசப்போறது டாக்டரே சீட்டு எழுதிக் கொடுக்கிற வலி மாத்திரை பத்தி. இதுல மாட்டுறதுக்கே எதுவும் இல்ல. அதனாலதான் கவனிக்கத் தாமதமாகுது.

நான் எடுத்துக்கிட்டது டெரெக் பூகார்டோட கதை. கனடாக்காரர், என்.ஹெச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்ல ஆடினவர். கோல் போடுறது அவர் வேலையே இல்ல. 277 மேட்ச்ல மொத்தம் 3 கோல். தன் டீமோட ஸ்டார் பிளேயரை யாராவது இடிச்சா, கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு அந்த ஆளோட சண்டைக்குப் போகணும். 'என்ஃபோர்சர்'னு பேரு. சண்டை போடத்தான் சம்பளம். கை, மூக்கு, தோள்பட்டை, முதுகுன்னு அடி சேர்ந்துக்கிட்டே போச்சு. ஆபரேஷன், அதுக்கப்புறம் மாத்திரை. 2011 மே மாசம், மதுவும் ஆக்சிகோடோனும் சேர்ந்து அவர் உயிர் போச்சு. வயசு 28.

அவர் அப்பா ஒரு போலீஸ்காரர். மகனோட மருந்துச் சீட்டு, போன் பதிவு எல்லாத்தையும் தேடிச் சேர்த்தார். நியூயார்க் டைம்ஸ் அதை விரிவா வெளியிட்டுச்சு. 2008 அக்டோபர்ல இருந்து 2009 ஏப்ரல் வரைக்கும் மட்டும் குறைந்தது 25 சீட்டு, 622 மாத்திரை. எழுதினவங்க 10 டாக்டர்கள். அதுல 8 பேர் அவரோட சொந்த டீமோட டாக்டர்கள்.

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர், எனக்கு இது எப்படித் தெரியுதுன்னு சொல்றேன். பத்து சர்வர் இருக்கு. ஒவ்வொண்ணோட லாகையும் தனியாத் திறந்து பார்த்தா, ரெண்டு மூணு ரிக்வெஸ்ட்தான், எல்லாம் நார்மல். பத்தையும் கூட்டிப் பார்க்கிற டாஷ்போர்டு மட்டும் இல்ல. ஒவ்வொரு டாக்டருக்கும் எதிர்ல உட்கார்ந்திருந்தது நிஜமாவே வலியில இருந்த ஒரு ஆள். அவர் எழுதின அந்த ஒரு சீட்டை நியாயப்படுத்திடலாம். 622-ஐ நியாயப்படுத்த முடியாது.

சரி, மாத்திரை உள்ள போய் என்ன பண்ணுது? ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் எல்லாம் ஓபியாய்டு வகை. அபின்ல இருந்து வர்ற மார்ஃபினோட சொந்தக்காரங்க. மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்கிற ஏற்பிகள்ல போய் ஒட்டிக்கிட்டு, வலிச் செய்தியை அமுக்கிடும். கிழிஞ்ச தசைநார் கிழிஞ்சபடியேதான் இருக்கும். கூடவே ஒரு இதமான மிதப்பு. தொடர்ந்து எடுத்தா உடம்பு பழகிடும், நேத்து ஒண்ணு போதும்னா இன்னைக்கு ரெண்டு கேட்கும்.

ஆட்டக்காரங்களுக்கு இதுல ஒரு தனிச் சிக்கல் இருக்கு. பழகின உடம்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா மூக்கு ஒழுகும், வயித்தைக் கலக்கும், தூக்கம் போயிடும், உடம்பெல்லாம் வலிக்கும். ஏற்கனவே முழங்கால் அடிபட்ட பையன் அந்த வலியை எப்படிப் புரிஞ்சுக்குவான்? 'காயம் இன்னும் ஆறல'ன்னுதான். மறுபடி மாத்திரை. ஆபீஸ் போற நம்மளை மாதிரி ஆளு ரெண்டு வாரம் லீவு போட்டுப் படுத்துக்கலாம். அவனுக்குப் பதில் இன்னொருத்தன் டீம்ல இடம் பிடிச்சிடுவான். ஸ்காலர்ஷிப்பும் அதுலதான் தொங்கும்.

2014-ல மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளிப் பசங்களைத் தொடர்ந்து கவனிச்சு எழுதினாங்க: விளையாடுற ஆண் பிள்ளைகளுக்கு மத்தவங்களை விட ஓபியாய்டு சீட்டு கிடைக்கிற வாய்ப்பும் அதிகம், அதைத் தப்பாப் பயன்படுத்துற வாய்ப்பும் அதிகம். அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை இதைப் பத்தி ஒரு கட்டுரையே போட்டுச்சு. ஆனா அதே ஆய்வாளர்கள் 2016-ல இன்னொரு பெரிய தரவை எடுத்துப் பார்த்தப்போ, விளையாட்டுல இருக்கிற பிள்ளைகள்கிட்ட இந்தப் பழக்கம் பொதுவாக் குறைவாத்தான் இருந்துச்சு. அதனால 'கிரவுண்டுக்கு அனுப்பினா பையன் கெட்டுடுவான்'னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ். நான் சந்தேகப்படுறது விளையாட்டை இல்ல. காயம், அவசரம், கணக்கில்லாத சீட்டு, இந்த மூணும் சேர்ற இடத்தைத்தான்.

சீட்டு கிடைக்காம போனா சிலர் வேற வழி தேடுவாங்க, அங்க ஆபத்து வேற லெவல். 2019-ல லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் டீமோட பிட்சர் டைலர் ஸ்காக்ஸ் 27 வயசுல ஹோட்டல் ரூம்ல இறந்து கிடந்தார். உடம்புல ஆக்சிகோடோன், மது, கூடவே ஃபென்டனில். அவருக்குக் கொடுத்தது டீமோட தகவல் தொடர்பு அதிகாரின்னு நிரூபணமாகி, அவருக்கு 2022-ல 22 வருஷ ஜெயில் தண்டனை கிடைச்சது.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. கொஞ்ச நாள் மாத்திரையை விட்டவங்களுக்கு உடம்போட பழக்கம் இறங்கிடும். அப்புறம் பழைய அளவையே மறுபடி எடுத்தா மூச்சு நின்னுடலாம். மது சேர்ந்தா இன்னும் மோசம். பூகார்ட் இறந்ததும் ஒரு சிகிச்சை மையத்துல இருந்து விடுப்புல வந்த சமயத்துலதான்.

நம்ம ஊர்ல சுளுக்குக்குக் கொடுக்கிற டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எல்லாம் ஓபியாய்டு இல்ல. அதையும் இஷ்டத்துக்கு முழுங்கினா வயிறும் கிட்னியும் அடிவாங்கும், ஆனா அது வேற கதை. டிரமடால் ஓபியாய்டு. 2018-ல மத்திய அரசு அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துச்சு. விளையாட்டுப் போட்டிகள்ல அதுக்கு 2024 ஜனவரியிலதான் வாடா தடை போட்டுச்சு. டேபென்டடால் மாத்திரையைக் கரைச்சு ஊசியாப் போட்டுக்கிற பசங்களைப் பத்தி தமிழ்நாட்டு நியூஸ்ல நீங்களே பார்த்திருப்பீங்க.

அமெரிக்க மாநிலங்கள்ல இப்போ யாருக்கு எந்த டாக்டர் எத்தனை ஓபியாய்டு எழுதினார்னு பார்க்க ஒரு பொதுப் பதிவேடு இருக்கு. நான் சொன்ன டாஷ்போர்டு அதுதான். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு நடைமுறையில இல்ல. அதனால அகாடமில ஆடுற தம்பியோ தங்கச்சியோ வீட்ல இருந்தா, எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் அந்த ஃபைல் கூடப் போகட்டும். புது மாத்திரை எழுதினா, இது ஓபியாய்டா, எத்தனை நாளைக்குன்னு கேளுங்க. ரொம்ப நாளா எடுத்துக்கிட்டு இருந்தா நீங்களா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. படிப்படியாக் குறைக்க டாக்டர் சொல்லித் தருவார்.