தறிக்குழியிலிருந்து ஏறி வந்த கால்கள்

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் குழித்தறி ஓடிய காலத்தில், சாயங்காலம் சடுகுடு ஆட வந்தவன் தனியாக உடம்பைச் சூடேற்ற வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்த கால் அது. நாடாக் கயிற்றை வெட்டி வெட்டி இழுத்த தோள் அது. காட்டு வேலைக்குப் போனவனும் நடந்தே களத்துக்கு வருவான். வந்ததும் கல் பொறுக்க வேண்டும், மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளிக்க வேண்டும், கோடு கிழிக்க வேண்டும். முதல் ஆள் பாடிப் போவதற்குள் எல்லாருக்கும் வேர்த்திருக்கும். சிலம்பக் களத்திலோ வணக்கம், காலடி, பிறகுதான் கம்பு வீச்சு. இதற்கெல்லாம் வார்ம்-அப் என்று யாரும் பேர் வைக்கவில்லை.

அதனால் அன்று அடியே படவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். முட்டி பிசகினவன் நல்லெண்ணெய் போட்டு நீவிப் பார்ப்பான். சரிவராவிட்டால் ஆட்டத்தை விட்டுவிடுவான். ஆடாதவனை யார் கணக்கில் வைத்தார்கள்?

இன்று குழித்தறி போய் விசைத்தறி. உழைப்பு குறையவில்லை, ஆனால் மிதிப்பதும் அடிப்பதும் மோட்டார் வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுக்கு வருகிற பையன் பைக்கிலிருந்து இறங்குகிறான், போனைப் பைக்குள் போடுகிறான், பந்தை வாங்கி முழு வேகத்தில் ஓடி வருகிறான். இரண்டாவது ஓவரில் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறான்.

வார்ம்-அப் செய்கிறவர்களிலும் பாதிப் பேர் பழைய டிரில் வகுப்பைத்தான் செய்கிறார்கள்: குனிந்து கால் விரலைத் தொட்டு, அப்படியே எண்ணிக்கொண்டு நிற்பது. 2000-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் இதைச் சோதித்தது. நின்று இழுக்கும் பயிற்சியால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. பலன் தருவது அசைவு. மெல்லோட்டம், முட்டி தூக்கி ஓடுவது, பஸ்கி, பக்கவாட்டுத் தாவல், ஒற்றைக்காலில் நிற்பது, கடைசியாகச் சில வேக ஓட்டங்கள். தசையில் ரத்தம் ஏறி, சூடான தசை சட்டென்று சுருங்கி விரியும். நார்வேயில் 1,892 கால்பந்துச் சிறுமிகள் கலந்துகொண்ட 2008 ஆய்வில், இந்த மாதிரி 20 நிமிடப் பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் இருக்கவே செய்கிறது. அதற்குச் சாட்சி இந்தப் பக்கத்துப் பிள்ளையே. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 கடைசியில் இந்தியக் கிரிக்கெட் அணியோடு வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனார். மெல்போர்னில் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்ள, டெஸ்ட் அணியில் இடம் கிடைத்தது. பும்ராவும் காயத்தில் விழ, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் களமிறங்கி முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். அதே டெஸ்டின் முதல் நாளில் நவ்தீப் சைனிக்குக் கவட்டைத் தசை பிடித்தது. ஏப்ரலில் நடராஜனுக்கே முழங்காலில் அறுவை சிகிச்சை. ஆள் வைத்து வார்ம்-அப் செய்விக்கும் அணிக்கே இந்தக் கதி என்றால், அளவுக்கு மீறிய ஓவர்களையும் ஓய்வில்லாத பயணத்தையும் எந்தப் பயிற்சியும் சரிக்கட்டாது என்றுதான் அர்த்தம்.

2023-ல் சின்னப்பம்பட்டியில் அவர் பெயரிலேயே மைதானம் வந்துவிட்டது. டிவியில் பார்த்ததை வைத்துப் பொடியன்கள் வட்டமாக நின்று குதிக்கிறார்கள், ரப்பர் பட்டையை இழுக்கிறார்கள். "என்னடா, ஐபிஎல்லா ஆடப் போறீங்க?" என்று கேட்கிற அண்ணன்கள்தான் ஆட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொள்வது. ஒன்றை மட்டும் பொடியன்களும் டிவியிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. எல்லைக்கோட்டில் அசையாமல் நின்றால் ஏறிய சூடு கால் மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். கேப்டன் பந்தைக் கொடுக்கும் முன்னே நின்ற இடத்திலேயே தோளைச் சுழற்றி, நாலு எட்டு ஓடிப் பார்க்க வேண்டும்.