யாரும் துரத்தாத நடை

"காசு குடுத்து நடக்கவோ? 2009இல நடந்தது காணாதோ?"

எங்கள் மாதர் சங்கத்தின் சுற்றுலாவைப் பற்றிச் சொன்னதும் அக்கா இப்படித்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் பெப்ரவரி மாதத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு பதினான்கு பேர் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம்.

இது கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே உள்ள புல்வெளியும் காடும். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் வேறு இரு காட்டுப் பகுதிகளுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

நுவரெலியாவிலிருந்து அதிகாலையிலேயே புறப்பட்டோம். வாசலில், "பைகளைத் திறவுங்கள்" என்றார்கள். என் கை நடுங்கியது. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. அவர்களோ உணவு சுற்றிய பொலித்தீனை மட்டும் எடுத்துவிட்டுப் பைகளைத் திருப்பித் தந்தார்கள். மரைகள் அதைத் தின்றால் இறந்துவிடுமாம்.

சுற்றிவரும் பாதை சுமார் 9 கிலோமீற்றர். இரவு உறைபனியில் புல் கருகிப் பழுப்பு நிறமாய்க் கிடந்தது. தூரத்தில் ஒரு மரை மேய்ந்துகொண்டு நின்றது. பாதையை விட்டு விலகக் கூடாது என்பது இங்கு விதி. மிதித்தால் செடிகள் அழிந்துவிடும் என்பதே காரணம். எங்களுக்கு அந்த விதி வேறு காரணத்தால் பழக்கமானது. மீள்குடியேறிய காலத்தில் மிதிவெடிக்குப் பயந்து அப்படித்தான் நடந்தோம். அக்கா இன்னமும் அப்படித்தான் நடந்தார். என் காலடி பட்ட இடத்தில்தான் தன் காலை வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக நடந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு முன்னரே 'உலக முடிவை' அடைந்தோம். பிந்தினால் முகில் மூடிவிடும். காலடியில் சுமார் 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். கீழே தேயிலைத் தோட்டங்கள் சிறு துண்டுகளாய்த் தெரிந்தன. விளிம்புக்குப் போகாமல் ஒரு கல்லில் இருந்து ரொட்டி சாப்பிட்டோம். அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"இண்டைக்கு ஒருதரும் துரத்தேல்லை, பிள்ளை. தலையில மூட்டையும் இல்லை."

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழி கரடுமுரடானது. ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கினோம். திரும்பி வரும்போது பார்த்தேன். அக்கா எனக்கு முன்னால், தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தார்.

சகோதரிகளே, போக விரும்பினால் ஜனவரி முதல் மார்ச் வரையான வரட்சிக் காலம் நல்லது. கம்பளிச் சட்டை, வழுக்காத சப்பாத்து, தண்ணீர் அவசியம். மூச்சு வாங்கினால் இருந்து எழும்பி நடவுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஊரிலேயே, குளக்கட்டிலாவது மாலையில் கூடி நடவுங்கள். எங்கேயும் தப்பி ஓடுவதற்காக இல்லாமல், சும்மா நடப்பதும் எங்களுக்கு வேண்டியிருக்கிறது.