படகின் பாரமும் விலையும்

மாதகல் கரையிலோ பருத்தித்துறைக் கரையிலோ விடியற்காலையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாது காண்பார்கள். தொழில் முடித்து வந்த படகு மணலைத் தொட்டதும், இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஆட்கள் தோள்கொடுத்துப் படகை மேலேற்றுவார்கள். ஒரு படகுக்கு நால்வர் போதுமாயிருக்கும். அடுத்த படகுக்கு எண்மர் வேண்டியிருக்கும். இரண்டும் பதினெட்டடிப் படகுகளே, இரண்டும் பைபர் படகுகளே, நிறங்கூட ஒன்றாயிருக்கலாம். அவ்வாறாயின் பாரத்தில் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? படகு வாங்க எண்ணும் கடற்றொழிலாளி, விலையைக் கேட்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இதுவேயாகும்.

கேள்வி பழையதுதான். கட்டுமரம் கட்டிய முன்னோர், கிடைக்கும் மரங்களுள் இலேசானதையே தேர்ந்தனர். கட்டுமரத்தில் மரமே மிதக்கிறது. நீர் புகுந்து நிரம்புவதற்கு உள்ளிடம் என்று ஒன்றில்லை. ஆனால் மரம் நீரைக் குடிக்கும். நாட்கணக்கிற் கடலிற் கிடந்த கட்டுமரம் பாரமேறிவிடுமாதலால், அதைப் பிரித்துக் கரையில் உலர்த்துவது வழக்கமாயிற்று. குடைந்த வள்ளங்களோ மலையாளக் கரையிலிருந்து விலைகொடுத்துத் தருவிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திற் பெருங்காடு கிடையாது. பனையும் வேம்பும் இலுப்பையும் உண்டு. வேம்பையும் இலுப்பையையும் கொண்டு வல்வெட்டித்துறையார் கப்பலே கட்டினார்கள். அங்கே உருவான அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. ஆயினும், பெருங்கடலைத் தாண்டும் கப்பலுக்கு வலிமையாய் அமையும் வைரம் பாய்ந்த மரம், இருவர் ஏறி மீன்பிடிக்கும் சிறு படகுக்கு வெறுஞ் சுமையே.

இந்நிலையை மாற்றியது கண்ணாடி நார். 1940களில் அமெரிக்காவிற் படகு கட்டப் பயன்படத் தொடங்கிய இப்பொருள், யாழ்ப்பாணத்தில் வேரூன்றியதற்கு ஒரு குருநகர்க்காரரின் முயற்சி பெரிதுங் காரணமாயிற்று. அன்ரனி ராஜேந்திரம் என்பவர் 1956இல் நோர்வேக்குச் சென்று, அந்நாட்டு மக்களின் ஆதரவைத் திரட்டி, 1967இல் சீனோர் என்னும் அபிவிருத்தித் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். காரைநகரிற் படகு கட்டுந் தளமும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன. பின்னர் சீனோர் அரசின் கைக்கு மாறியது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றுங்கூடக் கரையோர மக்கள் முதலில் நினைப்பது காரைநகரைத்தான்.

கண்ணாடி நார் இலேசான பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்து இறுகிய துண்டொன்றைக் கடலிற் போட்டால் அது மூழ்கிவிடும். ஒரு கன மீற்றர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம் என்றால், அதே அளவு கண்ணாடி நார்த் தகடு 1,450 கிலோகிராம் வரை நிறுக்கும். பிறகு படகு எவ்வாறு இலேசாகிறது? அதன் மென்மையினால். 25 மில்லிமீற்றர் பலகை செய்யும் வேலையை 5 மில்லிமீற்றர் தகடு செய்துவிடுகிறது. ஒரு சதுர மீற்றருக்குக் கணக்கிட்டால் பலகை 16 கிலோகிராம். தகடு 7 கிலோகிராம். பலகை குடிக்கும் நீர் இக்கணக்கிற் சேரவில்லை.

மெல்லிய தகடு வளையாதா என்ற ஐயம் எழலாம். வளையும். தடிப்பைப் பாதியாகக் குறைத்தால் விறைப்பு பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். இதற்கு மருந்து தடிப்பைக் கூட்டுவதன்று, வடிவத்தைத் திருத்துவதாகும். ஒடியற்கூழ் குடிப்பதற்குப் பனையோலையிற் கோலும் பிளாவை யாழ்ப்பாணத்தில் அறியாதார் யார்? விரித்துப் பிடித்தால் தொய்யும் ஓலை, மடித்துக் கோலியதும் கொதிக்கும் கூழைத் தாங்கி நிற்கிறது. படகின் அடியில் ஓடும் மடிப்புகளும், ஓரத்தின் வளைவும், உள்ளே குறுக்காக வைத்து ஒட்டப்படும் வங்குகளும் செய்வது அவ்வேலையே. வங்குகளை ஒழுங்காக வைத்த கட்டுநர் தகட்டை மெல்லியதாக விடலாம். வங்குக்குச் செலவிட மனமில்லாதவர் தகட்டைத் தடிப்பாக்குகிறார், படகு பாரமாகிறது.

பாரம் ஏறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. கண்ணாடி நார்ப் பாயை அச்சில் விரித்துப் பிசினால் நனைத்து, உருளையால் உருட்டி, காற்றையும் மிகுந்த பிசினையும் வெளியேற்ற வேண்டும். நார் ஒரு பங்கானால் பிசின் இரண்டு, மிஞ்சினால் இரண்டரைப் பங்கு. படகுக்கு வலிமை தருவது நார். பிசின் அதைப் பிணைக்கும் பசை மாத்திரமே. உருளையைப் பிடிக்கும் கை சோம்பினால், பிசின் குட்டை குட்டையாகத் தேங்கி இறுகிவிடும். அந்த இடம் பாரமாகவும் இருக்கும், அடிபட்டால் வெடிக்கவுஞ் செய்யும். வெயிலிற் பிசின் விரைவில் இறுகுமாதலால், பங்குனி சித்திரை மாதங்களில் வெட்டவெளியில் அவசரமாக வார்த்த படகு இக்குறைக்கு எளிதில் ஆளாகும். நிழற்கொட்டகையும் பொறுமையுமுள்ள கட்டுநரின் படகு சற்று விலை கூடியதாயிருந்தாலும், அந்த விலைக்கு நியாயம் உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரைகளுக்குப் பெருந்தொகையான படகுகள் விரைந்து கட்டி வழங்கப்பட்டபோது, அவற்றுட் பல தரங்குறைந்தவையாயிருந்தன. இலவசமாகக் கிடைத்ததை யாரும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை.

பாரம் கூடினால் என்ன, இயந்திரம் இழுக்குந்தானே என்பாருமுளர். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகு, வேகங் கொண்டதும் நீரைப் பிளப்பதை விட்டு அதன்மேல் எழுந்து வழுக்கிச் செல்ல வேண்டும். பாரம் மிகுந்த படகு எழுவதில்லை. அணியம் தூக்க, பின்புறம் அமிழ, நீரை உழுதுகொண்டே போகும். இயந்திரமோ மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டேயிருக்கும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு இருபது லீற்றர் எரிக்கும் படகென்று வைத்துக்கொண்டால், 1,740 ரூபாச் செலவு 6,800 ரூபாவாயிற்று. அந்நாட்களிற் பல படகுகள் கரையிலேயே கிடந்தன. பின்னர் விலை ஓரளவு தணிந்ததெனினும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. படகின் பாரத்தால் நாளுக்கு இரண்டு லீற்றர் மேலதிகமாக எரிந்தால், 340 ரூபா வீதம், மாதத்தில் இருபது நாட்தொழிலுக்கு 13,600 ரூபா வீணாகும். மலிவென்று வாங்கிய படகின் மீதி விலை இவ்வாறு மாதந்தோறும் எண்ணெய்க் கடையிற் செலுத்தப்படுகிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்தார் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டனர். பெல்ஜியம் நாட்டுப் பொறியியலாளர் பியர் ஜில்லே என்பவர் முட்டம், நாகர்கோவில் பகுதிகளில் மீனவரோடு பணியாற்றி, ஒட்டுப்பலகைப் படகைப் பரப்பினார். பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுவாய்களைக் கண்ணாடி நார் நாடாவால் ஒட்டுவது அம்முறை. படகைத் தைத்துக் கட்டுவது தமிழ்க் கரைகளுக்குப் புதிதன்று. நூல் போய்க் கம்பி வந்தது, அவ்வளவே. ஒட்டுப்பலகைப் படகு உண்மையிலேயே இலேசானது. ஆனால் நீரைத் தாங்கும் தரமான ஒட்டுப்பலகை வேண்டும். விளிம்பெங்கும் பிசின் பூசி மூட வேண்டும். ஒரு கீறலூடே நீர் இறங்கிவிட்டால் பலகை அடுக்கடுக்காகப் பிரியும். பவளக்கற் பாறை நிறைந்த வடகரைக்கு அது ஏற்றதன்று. சேறும் ஆழமின்மையும் கொண்ட பரவைக் கடலுக்கு ஏற்கலாம்.

கையிற் காசு குறைந்தவர் பெரும்பாலும் பழைய படகையே நாடுகின்றனர். அது தவறன்று. நன்றாக வார்த்த கூடு பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் புதுப்பூச்சைப் பார்த்து மயங்கலாகாது. பூச்சு மறைப்பதற்கே பூசப்பட்டிருக்கவுங் கூடும். முதலிற் செய்ய வேண்டியது, ஒரு நாணயத்தையோ சிறு மரச் சுத்தியலையோ கொண்டு அணியத்திலிருந்து பின்பலகை வரை தட்டிச் செல்வது. சட்டி வாங்குபவர் சட்டியைத் தட்டிப் பார்ப்பது போன்றதுதான் இது. கணீரென்ற ஓசை மாறி மந்தமாகக் கேட்குமிடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும், அல்லது உள்ளே நீர் தங்கியிருக்கும். சாயம் கலவாத தகடாயின், உள்ளே குனிந்து வெயிலை நோக்கிப் பார்த்தால், மெலிந்த இடமும் காற்றுக் குமிழும் விளக்கொளி போலத் தெரியும்.

அடுத்தது பின்பலகை. இயந்திரத்தைத் தாங்கும் அப்பலகைக்குள் பெரும்பாலும் மரம் வைத்தே மூடப்பட்டிருக்கும். ஆணித் துளைவழியே நீர் இறங்கி, மரம் உளுத்துப்போய், வெளித்தகடு மட்டும் அழகாய் நிற்பதுண்டு. இயந்திரத்தைப் பூட்டி, அதன் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் உண்மை வெளிப்படும். பலகை அசைந்தால், பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பலாம். அல்லது அதைப் புதிதாகக் கட்டும் செலவை விலையிற் கழிக்கச் சொல்லலாம்.

கடைசியாக, இருக்கைகளுக்குள் அடைத்திருக்கும் மிதவை நுரை. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமற் காப்பது அதுவே. தரமற்ற நுரை காலப்போக்கில் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அறுபது லீற்றர் நீர் அதிற் புகுந்திருந்தால் அறுபது கிலோகிராம். ஓர் ஆளை எந்நேரமும் வீணே ஏற்றிச் செல்வதற்கு அது சமம். இருக்கையின் அடிமூலையில் விற்பவரின் சம்மதத்துடன் சிறு துளையொன்று இட்டுப் பார்த்தால் நீர் சொட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். சொட்டினால் நுரையை முழுவதும் அகற்றிப் புதிதாக அடைக்க வேண்டும். வெறுமனே துளையை மூடி, மேலே இன்னுமோர் அடுக்கு நார் ஒட்டித் தருவதாகச் சொல்லும் திருத்துநருக்கு இடங்கொடுக்கலாகாது. உள்ளிருக்கும் நீர் அப்படியே இருக்க, மேலே பிசினின் பாரமுஞ் சேரும். அதே படகை மணலில் ஏற்றுவதற்கு அடுத்த பருவத்தில் ஒன்பதாவது ஆளைத் தேட வேண்டிவரும்.