அடுப்பு மூட்டாமல் ஒரு பண்டிகைப் பலகாரம்

பண்டிகை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் வேலைக்குப் பஞ்சமில்லை. காலையில் வேலைக்குப் போய் வந்த தாய், மாலையில் முறுக்குப் பிழிய உட்காருகிறாள். பிள்ளைகள் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி வந்து நிற்கிறார்கள். "தள்ளிப் போ, சுட்டுவிடும்" என்று விரட்டுவதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது. ஆனால் அவர்களுக்கும் பலகாரம் செய்ய ஆசை இருக்காதா? நெருப்பும் எண்ணெயும் வேண்டாத பலகாரம் ஒன்று இருந்தால் அதை அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிடலாம் அல்லவா?

அப்படிப்பட்டதுதான் உள்ளே பழம் வைத்த கொக்கோ உருண்டை. செண்டாயான் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனையும், பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற புதிய வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. லயத்து வீடானாலும் தாமான் வீடானாலும் ஓவன் அடுப்பு எல்லாரிடமும் இல்லை. இதற்கு அது தேவையும் இல்லை.

மேல்நாட்டில் இதன் உறவுப் பலகாரத்தை 'ட்ரஃபிள்' என்பார்கள். அது உண்மையில் மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளானின் பெயர். கொக்கோ தூளில் புரட்டிய உருண்டை, மண் ஒட்டிய அந்தக் காளானைப் போல இருப்பதால் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். பெயர்தான் புதிது, உள்ளே இனிப்பை ஒளித்து வைக்கும் வித்தை நமக்குப் பழையது. கொழுக்கட்டைக்குள் பூரணம் வைக்காத தமிழ் வீடு உண்டா? நம் மலாய் அண்டை வீட்டார் ஓண்டே-ஓண்டேக்குள் குலா மலாக்காவை வைப்பதும் அதே வித்தைதான்.

கொக்கோவும் நமக்கு அந்நியமல்ல. ஒரு காலத்தில் நம் நாட்டில் தென்னை நிழலில் கொக்கோ பயிரிட்டார்கள். கொட்டையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையைச் சப்பிச் சாப்பிட்ட தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாகி இருப்பார்கள். 1990-இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறக்குறைய 2 லட்சத்து 47 ஆயிரம் டன். பிறகு விலை வீழ்ச்சியாலும் காய் துளைக்கும் பூச்சியாலும் அது சுருங்கி, பல இடங்களில் செம்பனை வந்தது.

தேவையான பொருள்கள் (30 உருண்டைகளுக்கு)

மாரி பிஸ்கட் – 200 கிராம்
கொக்கோ தூள் – 3 மேசைக்கரண்டி
டின் பால் – சுமார் 200 கிராம்
மார்ஜரின் – 2 மேசைக்கரண்டி
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் – 10
மேலே புரட்ட, காய்ந்த தேங்காய்த் துருவல் அல்லது கொக்கோ தூள்

செய்முறை

பிஸ்கட்டைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு, பூரிக் கட்டையால் உருட்டித் தூளாக்குங்கள். இதைப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள். அதில் கொக்கோ தூளையும், வெளியில் வைத்து இளகிய மார்ஜரினையும் சேர்த்துப் பிசறுங்கள். டின் பாலை ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உதிராமலும், கையில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். அதுதான் பக்குவம். ஒட்டினால் பிஸ்கட் தூளும், உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் பாலும் சேர்க்கலாம்.

பேரீச்சம்பழம் ஒவ்வொன்றையும் மூன்றாக நறுக்குங்கள். மாவில் எலுமிச்சை அளவுக்கும் சிறிதாக எடுத்துத் தட்டி, நடுவே ஒரு துண்டை வைத்து மூடி உருட்டுங்கள். தேங்காய்த் துருவலில் புரட்டி, ஐஸ்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும்.

இதில் சமையல் எங்கே என்று கேட்கலாம். பிஸ்கட் முன்பே சுட்டது. பால் முன்பே சுண்டியது. 1856-இல் கெய்ல் போர்டன் என்ற அமெரிக்கர் பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அந்த வழியில் வந்ததுதான் நாம் தேநீரில் ஊற்றும் டின் பால். நமக்காக அடுப்பு வேலையைத் தொழிற்சாலை செய்துவிட்டது.

கவனிக்க வேண்டியவை

பழம் என்றதும் வாழைப்பழத்தையோ மாம்பழத்தையோ பச்சையாக வைத்துவிடாதீர்கள். அதன் நீர் பிஸ்கட்டை ஊறவைத்து, உருண்டையைச் சீக்கிரம் கெடுத்துவிடும். உலர்ந்த பழமே நல்லது. அன்னாசி பிடிக்கும் என்றால் அதைத் துருவிப் பிழிந்து, கொஞ்சம் சீனியும் ஒரு துண்டுப் பட்டையும் சேர்த்து, நீர் வற்றிக் கெட்டியாகும் வரை கிளறி ஆறவிட வேண்டும். அந்த வேலை மட்டும் தாயாருடையது. பிள்ளைகள் அடுப்பண்டை போக வேண்டாம்.

பச்சைத் தேங்காய்த் துருவல் நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் புளித்துவிடும். ஆகவே காய்ந்ததையே வாங்குங்கள். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் தாராளமாகக் கிடைக்கும். அப்போதே வாங்கி, காற்றுப் புகாமல் ஐஸ்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். 'சூசூ' என்றால் பால். 'கிரிமர்' என்று இருந்தால் பெரும்பாலும் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் இருக்கும். உருண்டைக்கு இரண்டுமே உதவும். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்கினால் மலாய் நண்பர்களுக்கும் தயங்காமல் நீட்டலாம். மேல்நாட்டில் சிலர் இதில் ரம் ஊற்றுவார்கள். நமக்கு அது வேண்டாம்.

அளவோடு இனிப்பு

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 2019-இல் நாடு முழுவதும் நடந்த சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசிய இந்தியர்களில் 100-க்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 18 பேர்தான். நம் வீட்டுக் கணக்கு இப்படி இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு டின் பாலை ஊற்றலாமா?

டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். இரண்டு உருண்டை தின்றால் டின் பாலிலிருந்து மட்டும் ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. பேரீச்சம்பழம் கடவுள் தந்த இனிப்பு, கெடுதல் செய்யாது என்று எண்ண வேண்டாம். அதுவும் கணக்கில் சேரும். அதனால்தான் உருண்டையைச் சிறிதாகப் பிடிக்கச் சொன்னேன். வந்தவருக்கு ஒன்று கொடுங்கள். ஐந்தாறு கொடுத்துத்தான் அன்பைக் காட்ட வேண்டும் என்பதில்லை. இனிப்பு நீர் உள்ள பெரியவர்களை, "பண்டிகைதானே, சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

வரும் விடுமுறையில் பிஸ்கட்டையும் பாலையும் நீங்கள் அளந்து கொடுத்துவிட்டு, உருட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஆண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். முதல் நாலைந்து உருண்டை கோணல்மாணலாக வரும். ருசி ஒன்றுதான், உள்ளே பழம் இருப்பது வெளியே தெரியவா போகிறது?