பீரோ எந்த அறையில் என்று சொல்லாதீர்கள்!

சோழபுரம் வட்டாரத்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் கிடைத்த விலையில்லா லேப்டாப் நினைவிருக்கிறதா? 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. லினக்ஸின் கெர்னல்தான் உங்கள் ஆண்ட்ராய்டு போனையும் இயக்குகிறது.

மெமரி முழுவதையும் ஆளும் மையப்பகுதி கெர்னல். அதற்குள் எது எந்த முகவரியில் இருக்கிறது என்பதை ஒருகாலத்தில் சாதாரண புரோகிராம்கூட ஒரு ஃபைலைத் திறந்து படித்துவிடும். திருடனிடம் பீரோ இருக்கும் அறையைச் சொன்ன கதைதான்! உள்ளே நுழைய ஓர் ஓட்டை கிடைத்தால், குறிபார்த்து அடிக்க அந்த முகவரி உதவும்.

2011-ல் லினக்ஸில் 'கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்ட்' என்ற கட்டுப்பாடு வந்தது. அதை இயக்கினால் முகவரிக்குப் பதில் வெறும் பூஜ்யங்கள்தான் தெரியும். 2012-ல் ஆண்ட்ராய்டு 4.1 இதை இயக்கியது. போனை 'ரூட்' செய்பவர்கள் மட்டும் கவனிக்கவும்: ரூட் அதிகாரம் பெற்ற ஆப் இந்தத் திரையை விலக்கிவிடலாம்.