'டிரை' என்றால் காய்ந்தது மட்டும்தானா?

'டிரை' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்துத் தமிழர்களுக்குப் புதிதல்ல. பால் மரம் வெட்டியவர்களுக்கு அது சம்பளத்தோடு ஒட்டிய சொல்.

ரப்பர் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100 கிலோ பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோ வரைதான் தேறும். அந்த விழுக்காட்டைத்தான் 'டிரை ரப்பர் கன்டென்ட்', சுருக்கமாக டிஆர்சி என்பார்கள். 20 கிலோ பாலுக்கு டிஆர்சி 35 என்றால் கணக்கில் ஏறுவது 7 கிலோ. 30 என்றால் 6 கிலோ. காண்டா வாளி சுமந்த தோளுக்கு இரண்டும் ஒரே பாரம். ஆகவே, இன்றும் பால் விற்கும் சிறுதோட்டக்காரர்கள் எடையை மட்டும் பார்க்காமல் ரசீதில் உள்ள இந்த எண்ணையும் பார்ப்பது நல்லது.

மரம் 'டிரை' ஆகிவிட்டது என்றால் பட்டுப்போனது என்று பொருளல்ல. இலை பச்சையாகவே இருக்கும். பட்டையைச் சீவினால் பால் மட்டும் வராது. அளவுக்கு மீறி வெட்டுவது இதற்கு முக்கியக் காரணம். இப்படிப்பட்ட சிக்கல்களை ஆராயத்தான் 1925-இல் ரப்பர் ஆய்வுக் கழகம் அமைக்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இப்போது குவாசா டாமன்சாரா எழுந்து வருகிறது.

மருத்துவமனையில் இந்தச் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். 'டிரை காஃப்' என்றால் சளி வராத வறட்டு இருமல். அதையே மலாயில் சொல்லுக்குச் சொல் மாற்றி 'பாத்தோக் கெரிங்' என்றால், காசநோய் என்று பொருள்படும்! காசநோய்க்கு மலாயில் வழங்கும் பழைய பெயர் அது. காசநோயில் சளியும் இரத்தமும்கூட வரலாம் என்பது வேறு கதை. 'பாத்தோக் தாக் அடா கஹாக்', அதாவது சளியில்லா இருமல், என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

பட்டுச் சேலையில் 'டிரை கிளீன்' என்றிருந்தால், அது நனையாமல் வெளுப்பதல்ல. துணி நனையத்தான் செய்யும். தண்ணீருக்குப் பதில் இரசாயனத் திரவத்தில். வீட்டில் தண்ணீரில் அலசினால் சாயம் இறங்கலாம்.

மருந்து டப்பாவில் 'கூல், டிரை பிளேஸ்' என்றிருப்பதைப் பார்த்துச் சிலர் மாத்திரையைக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். வெயிலும் ஈரமும் படாத அலமாரியே அதற்குப் போதும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்தானால், அதைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள்.